பாலில் கலக்குமுன் ஒரு வார்த்தை

மதுரையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 46. தைராய்டு குறைவுக்காகத் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் போட்டுக்கொள்பவர். மாமியார் பக்கவாதத்தில் படுக்கை, மகன் ப்ளஸ் டூ, ராத்திரி தூக்கம் மூன்று மணி நேரம் கிடைத்தால் அதிகம். முழு உடல் பரிசோதனை என்று போய் ரத்தம் கொடுத்ததில் 'கார்ட்டிசால் அதிகம்' என்று தாளில் வந்ததாம். "செல்போனில் பார்த்து அஸ்வகந்தா மாத்திரை வரவழைத்துவிட்டேன். டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. சாப்பிடலாமா டாக்டர்?"

பிரிக்காமலே வையுங்களம்மா. காரணம் சொல்கிறேன்.

கார்ட்டிசால் ஏதோ விஷம் என்கிற மாதிரி இப்போது பேச்சு கிளம்பியிருக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தருவது அது. அது இல்லாவிட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி, நாம் எழுந்து நடமாடவே முடியாது. விடியற்காலையில் ஏறும், நடுராத்திரியில் அடியில் கிடக்கும். ஆகவே எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எண் கூடுதலாகக் காட்டும். சகோதரியின் கடிதத்தில் மணி இல்லை!

நிஜமாகவே கார்ட்டிசால் மிகுந்து போகும் நோய் ஒன்று உண்டு. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1932இல் விவரித்தது. முகம் பூரணச் சந்திரன் போல உருண்டு சிவக்கும், வயிறு பெருத்துக் கை கால் மெலியும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும், வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் விழும். இவை இருந்தால் ஹார்மோன் டாக்டரிடம் ஓட வேண்டும்; எந்தப் பொடியும் அதற்கு மருந்தல்ல. சொல்லப்போனால் சில 'கைகண்ட' மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பதால்தான் சிலருக்கு இந்த நிலையே வருகிறது. அப்படிப்பட்ட பொடியை மாதக் கணக்கில் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, அஸ்வகந்தாவுக்கு வருவோம். வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கராக் கிழங்குதான். பலனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2012இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், மன அழுத்தத்தால் அவதிப்பட்ட 64 பேரில் பாதிப் பேருக்கு வேரின் சத்தை 300 மில்லிகிராம் வீதம் இரு வேளை, 60 நாள் கொடுத்தார்கள். கார்ட்டிசால் ஏறக்குறைய 28 சதவீதம் இறங்கியது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட மற்றவர்களுக்கும் 8 சதவீதம் இறங்கியது, அதையும் கவனியுங்கள். 64 பேர், இரண்டு மாதம். இதை வைத்து வருஷக் கணக்கில் சாப்பிடலாம் என்று யார் சொன்னார்கள்?

நம் சகோதரிக்கு வேறு சங்கடம் இருக்கிறது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனையும் கூட்டக்கூடியது. ஏற்கெனவே தைராக்சின் போடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இருக்கிற மூன்று மணி நேரத் தூக்கமும் போய்விடும். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இதைச் சாப்பிட்ட ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் உடம்பு அரிப்பும் வந்ததை 2020இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நிறுத்திய பிறகு பெரும்பாலோர் சில மாதங்களில் தேறினார்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தொடவே வேண்டாம்.

"சித்த வைத்தியத்து அமுக்கரா சூரணம் சாப்பிடலாமே?" என்பீர்கள். அதில் கிராம்பு ஒரு பங்கென்றால், சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், அமுக்கரா 64, சர்க்கரை 128! பாதிக்கு மேல் சர்க்கரை. நீரிழிவுக்காரர்கள் ஜாக்கிரதை. தைராய்டு விஷயம் இதற்கும் பொருந்தும். மக்னீசியம், மீன் எண்ணெய் மாத்திரைகளுக்குக் கார்ட்டிசாலைக் குறைப்பதில் உறுதியான சாட்சியம் போதாது, காசு மிச்சம்.

சகோதரி, காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசாலையும், கூடவே டி.எஸ்.எச்.சையும் மறுபடி பார்த்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். மாமியாருக்கு ஒரு காற்று மெத்தை வாங்குங்கள். புண் வராமலிருக்க உதவும், ஆனாலும் திருப்பிப் படுக்கவைப்பதை விட முடியாது. நாலு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார்: "அவர் பக்கத்து அறையில் தூங்குவார்." இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். வாரத்தில் மூன்று ராத்திரி அம்மாவை அவர் திருப்பிப் படுக்கவைக்கட்டும். அந்த மூன்று நாளும் பக்கத்து அறை உங்களுக்கு.