கடைக்காரர் வயசு கேட்டால் கோபப்படாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்குகிறான். "வெளிநாட்டில் இருக்கிற மாதிரி நம் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வயதுச் சான்று அட்டை கொடுக்கணும். அதைக் காட்டினால்தான் சிகரெட்டோ மதுவோ விற்கணும்" என்று ஒருவன் எழுதினான். உடனே இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்றும் கேட்டிருந்தான். குழுவில் பதில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கறையோடுதான் சொல்கிறான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். கடைக்காரர் அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் எந்த அட்டையை நீட்டுவது?

வெளிநாட்டு அட்டையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். லண்டனில் இருக்கும் என் தம்பி மகள், தன் பையனின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். புகைப்படம், பிறந்த தேதி, மூலையில் 'பாஸ்' என்று மின்னும் ஒரு ஹாலோகிராம் முத்திரை, அவ்வளவுதான். 2001-லிருந்து அங்கே இந்த முத்திரை இருக்கிறது. அங்கே அது தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஆதார் மாதிரி எல்லோருக்கும் பொதுவான அடையாள அட்டை அந்த நாட்டில் கிடையாது. லைசென்ஸ் இல்லாத பிள்ளை பாஸ்போர்ட்டைத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அது தொலைந்தால் என்ன பாடு!

நமக்கு அந்தக் குறை இல்லை. ஆதார், பள்ளி அட்டை, கல்லூரி அட்டை, பஸ் பாஸ் என்று நம் பிள்ளைகள் கழுத்திலும் பையிலும் தொங்குகிற அட்டைகளே ஒரு சீட்டுக்கட்டு வரும். ஆதார் பிறந்த தேதிக்கு முடிவான சான்று ஆகாது என்று சட்டம் படித்த பிள்ளைகள் சொல்வீர்கள். சரிதான். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதாரை விட்டுவிட்டுப் பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் பெட்டிக்கடையில் பிடிபடுவது எட்டாம் வகுப்புப் பையன். அவனுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டாம்.

பள்ளிச் சான்றிதழ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிராமத்தில் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவருபவர் அபூர்வம். பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது! தேதியைத் தலைமை ஆசிரியர் போட்டுக்கொள்வார். நம் ஊரில் மே, ஜூனில் மட்டும் இத்தனை பேர் பிறந்தது எப்படி என்று யோசித்ததுண்டா? உங்களில் சிலர் முகநூலில் கேக் வெட்டுகிற நாள், தலைமை ஆசிரியர் கொடுத்த நாள்தான். இப்போது அப்படி இல்லை. 1.10.2023-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்வது முதல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான்.

சட்டத்துக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட், பீடி, புகையிலை எதையும் விற்கக்கூடாது. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது. இதன் விதிகளில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். வாங்குபவர் மைனர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. சந்தேகம் வந்தால் அவர் வயதுக்கு ஆதாரம் கேட்கலாம். அதாவது கேட்கும் உரிமை கடைக்காரருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அபராதம்தான் வெறும் 200 ரூபாய் வரை. ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவைப் பாருங்கள். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். விற்றால் மட்டும் என்று நினைக்காதீர்கள். 'கொடுத்தால்' என்றுதான் இருக்கிறது, சித்தப்பா மாமாக்களுக்கும் சேர்த்துத்தான்.

மது விஷயத்தில் தமிழ்நாட்டில் 21 வயது. கேரளாவில் 23. நம் பக்கத்துக் காரைக்காலில் 18. பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் பையன் மூன்று வயது பெரியவனாகிவிடுகிறான்! இதற்கு எந்த அட்டை போட்டு என்ன செய்வது?

சரி, சட்டம் இருந்தும் கடைக்காரர் ஏன் கேட்பதில்லை? நம் பள்ளியில் படித்து இப்போது மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவனிடமே கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "ஒரு நாள் கேட்டேன் டீச்சர். ஏழாவது படிக்கிற பையன், ரெண்டு சிகரெட் கேட்டான். யாருக்குடான்னேன், அப்பாவுக்குன்னான். அப்பாவை வரச் சொல்லுன்னு அனுப்பிட்டேன். அவர் வந்து, 'நான் அனுப்பின பிள்ளையைத் திருப்பி அனுப்ப நீ யாரு'ன்னு தெருவே பார்க்கச் சத்தம் போட்டார். அந்த மாசத்திலேருந்து அவங்க வீட்டு மளிகைக் கணக்கு எதிர்க்கடைக்குப் போயிருச்சு."

இரண்டு சிகரெட்டில் அவனுக்கு என்ன கிடைத்துவிடும்? சில்லறைக் காசு. போனது ஒரு குடும்பத்தின் மாத மளிகை. அதற்குப் பிறகு அவன் எந்தப் பிள்ளையிடமாவது வயசு கேட்பானா?

'அப்பாவுக்கு' என்ற இந்த ஒரு சொல் போதும், எந்த அட்டையையும் செல்லாததாக்கிவிடும். பொய் சொல்கிற பிள்ளையும் இதைத்தான் சொல்கிறான், உண்மையாகவே அனுப்பப்பட்ட பிள்ளையும் இதைத்தான் சொல்கிறான். கடைக்காரர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? அப்பாக்களை மட்டும் குறை சொல்லவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் மதிய இடைவேளையில் பையனை அனுப்பித்தான் சிகரெட் வாங்கிவரச் சொல்வார். நல்ல கணக்கு ஆசிரியர். நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், அதற்காக இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. போகட்டும். கடைக்குப் போய் வந்து பழகிய பையனுக்கு அந்தக் கடையில் கூச்சம் இருக்காது. காசு யாருடையது என்பது மட்டும்தான் பிறகு மாறும்.

அட்டை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது புரியும். காட்டு என்று ஆரம்பிப்பது கொஞ்ச நாளில் 'ஜெராக்ஸ் கொடு', 'போன் நம்பர் எழுது' என்று போகும். யாரென்றே தெரியாத ஒருவர் கையில் வீட்டு விலாசம் எதற்கு? வயதைத் தெரிந்துகொள்ளப் பிறந்த தேதியும் முகமும் போதும். கல்லூரிப் பிள்ளைகளே, எங்காவது ஆதார் கேட்டால் முதல் 8 எண்களை மறைத்த ஆதாரை வைத்துக்கொள்ளுங்கள். காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

முகத்தைப் பார்த்து 17-ஆ 19-ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. பிரிட்டனிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதானால் நான் இதைத்தான் எடுப்பேன். 25 வயதுக்குக் கீழே தோன்றுகிற யாராக இருந்தாலும் அங்கே பல கடைகளில் வயதைக் கேட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் மது விற்பனைக்கு 2011-லிருந்து இது சட்டமே. எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. 'என்னைச் சந்தேகப்படுகிறாயா' என்ற பேச்சும் எழாது. 24 வயதில் என்னிடம் கேட்டார்கள் என்று அங்கே சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம்!

அப்பாக்களே, மாமாக்களே, உங்களுக்கு வேண்டியதை நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு எட்டு நடந்தால் உடம்புக்கும் நல்லது. உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரிடம் மாத மளிகையைத் தொடர்ந்து வாங்குங்கள். அந்தக் கடை எது என்று குழுவில் நான் சொல்லமாட்டேன், அவனுக்குச் சங்கடம். தனியாகக் கேட்டால் சொல்கிறேன்.

கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, '18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது தண்டனைக்குரிய குற்றம்' என்ற பலகை உங்கள் கடையில் இருக்கவேண்டும். 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவாவது வேண்டும். யாராவது சண்டைக்கு வந்தால் அந்தப் பலகையைக் காட்டுங்கள். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், நானே எழுதித் தருகிறேன். பெயிண்டும் பிரஷ்ஷும் மட்டும் நீங்கள் வாங்கி வரவேண்டும்.