அம்மோனியாவுக்கு ஒரு ஆடிட் ஆட்சேபணை

போன மாதம் அப்பாவின் வலது கண்ணுக்கு லேசர் சிகிச்சை. முப்பது வருட சர்க்கரை, விழித்திரையில் கைவரிசையைக் காட்டிவிட்டது. மனுஷர் ஆயுசு முழுக்கத் தணிக்கைத் துறையில் பச்சை மையில் டிக் அடித்தே ரிட்டயர் ஆனவர். சொட்டு மருந்து போட்டு, கண் பாப்பா விரியட்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். சும்மா இருக்க முடியவில்லை அவருக்கு.

"இந்த லேசரை எவன்டா கண்டுபிடிச்சான்? எதுக்குக் கண்டுபிடிச்சான்?"

பி.காம். மூளைக்கு எட்டிய வரை சொன்னேன்.

1951 ஏப்ரல். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல்காரர் சார்லஸ் டவுன்ஸ், வாஷிங்டனுக்குக் கமிட்டி மீட்டிங் வந்திருந்தார். கமிட்டி அமெரிக்கக் கடற்படையுடையது. மில்லிமீட்டர் நீளத்தில் குட்டை ரேடியோ அலைகள் வேண்டும், எப்படி உண்டாக்குவது என்பது கேள்வி. தலைவரே இவர்தான். கையில் பதில் இல்லை! ஹோட்டல் அறையில் கூடத் தங்கியிருந்த ஆர்தர் ஷாலோ, அடுத்த மாதம் இவருடைய தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், நல்ல தூக்கம். வருங்கால மாப்பிள்ளையை எழுப்புவானேன் என்று காலங்கார்த்தாலே வெளியே வந்து ஒரு பார்க் பெஞ்சில் உட்கார்ந்தார் டவுன்ஸ். அங்கேதான் பொறி தட்டியது. கருவிகளோடு மல்லுக்கட்டுவதை விட்டு, மூலக்கூறுகளையே அலை எழுப்ப வைத்தால் என்ன? ஒரு கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

செலவு? அந்த ஆய்வுக்கூடத்துக்கு முப்படைகளும் சேர்ந்து படியளந்தன. அப்போது அங்கே அடிப்படை ஆராய்ச்சி என்றால் பட்டாளத்தின் வாசல்தான். கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் 1946-லேயே கடை திறந்துவிட்டது. சிவிலியன்களுக்கான தேசிய அறிவியல் நிறுவனம் பிறந்ததே 1950-ல்.

இரண்டு வருடம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. ரபி, குஷ் என்று துறையின் இரண்டு பெரிய தலைகள் அறைக்கே வந்து, இது தேறாது, பணத்தை வீணாக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரபி ஏற்கெனவே நோபல் வாங்கியவர். குஷ் பிற்பாடு வாங்கினார். நமக்கெல்லாம் ஹெட்கிளார்க் முறைத்தாலே ஜுரம் வந்துவிடும். டவுன்ஸ் நிறுத்தவில்லை. 1954 ஏப்ரலில் அவருடைய அம்மோனியா வாயு வேலை செய்தது. பெயர் 'மேஸர்'. வந்த அலையின் நீளம் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர். கேட்டதோ மில்லிமீட்டர்!

"ஆர்டர் ஒண்ணு, டெலிவரி ஒண்ணா? நான் பில்லை பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்" என்றார் அப்பா.

மாட்டார்தான். ஆனால் அதே யோசனையை ஒளிக்கு நீட்டி டவுன்ஸும் மாப்பிள்ளையும் 1958-ல் கட்டுரை எழுத, 1960-ல் மைமன் என்பவர் ரூபி கல்லில் லேசரை எரிய வைத்தார். 1961 முடிவதற்குள் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் அதை ஒருவரின் விழித்திரைக் கட்டிமீது பாய்ச்சியாகிவிட்டது.

பட்டாளத்துப் பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 'லேசர்' என்று பெயர் சூட்டிய கார்டன் கூல்ட் இருந்த கம்பெனி, 1959-ல் ராணுவத்திடம் கேட்டது 3 லட்சம் டாலர். கிடைத்தது 9,99,000! கூடவே ரகசிய முத்திரையும் விழுந்தது. கூல்டுக்குப் பழைய இடதுசாரிச் சகவாசம் இருந்ததால், அவருக்கே அனுமதி மறுப்பு. தாலி கட்ட வந்தவனை மண்டப வாசலிலேயே நிறுத்தின கதை. 1972-ல் வியட்நாமில் தான் ஹோவா பாலத்தைச் சாய்த்த குண்டுகளுக்கு வழி காட்டியதும் லேசர்தான். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. கண்ணை நீட்டப் போகிற நேரம்.

1969-ல் செனட்டர் மேன்ஸ்ஃபீல்ட் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ராணுவப் பணம், ஒரு குறிப்பிட்ட ராணுவ வேலையோடு நேரடித் தொடர்புள்ள ஆராய்ச்சிக்கு மட்டுமே! மறு வருடமே தளர்த்தினார்கள். வியட்நாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பட்டாளச் சம்பளத்தில் பல்கலைக்கழகம் நடக்கக் கூடாது என்ற அவர் கவலை நியாயம். நானும் கை தூக்கியிருப்பேன். ஆனால் இந்த வாசலை மூடுவதற்கு முன்னால் அடுத்த வாசல் அகலமாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். இல்லையென்றால் அம்மோனியாவைத் தூக்கிக்கொண்டு அந்த மனுஷர் எங்கே போவார்?

நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா எழுந்து இரண்டடி நடந்தவர், திரும்பினார்.

"ஏண்டா, அந்த மில்லிமீட்டர் அலை... அம்மோனியா மெஷின்ல கடைசில வந்துதா?"

"அதுல வரலைப்பா."

"அப்ப அந்த ஃபைல் இன்னும் க்ளோஸ் ஆகலை" என்றபடி உள்ளே போனார்.