புதியது வரட்டும், பழைய வழி அடைபட வேண்டா!

ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசியைப் பற்றித் தலைநகரிலே பெருமையோடு பேசுகின்றனர். பேசட்டும். விஞ்ஞானம் தரும் வளத்தை வேண்டாமென விலக்குவோரல்லர் நாம். ஆனால், புதிய தலைமுறை வரும்போது பழைய தலைமுறைகளை எப்பொழுது, எந்த ஒழுங்கில் நிறுத்துவது? இக்கேள்விக்குரிய விடை கொழும்பின் கணக்கேடுகளில் மட்டும் எழுதப்படுமானால், அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் மலைச்சரிவுகளில் வாழும் நம் மக்களே!

புதியது எதன்மேல் நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். 5ஜியை அமைக்கும் முறை இரண்டு. ஒன்று, தனித்து நில்லாத முறை. இதிலே கைத்தொலைபேசி முதலில் 4ஜியோடுதான் தொடர்பு கொள்ளும். ஆணையிடுவது 4ஜி, தரவுச் சுமையை விரைந்து தூக்குவது மட்டுமே 5ஜியின் வேலை. 4ஜி எட்டாத இடத்தில் இந்த 5ஜியும் எட்டாது. மற்றையது தனித்து நிற்கும் முறை. அதற்கெனத் தனித் தலைமை நிலையம் உண்டு. எனினும், 5ஜியிலேயே பேசும் வசதி கோபுரத்திலோ கைத்தொலைபேசியிலோ இல்லையெனில், அழைப்பு மீண்டும் 4ஜிக்கே இறங்கும். 4ஜியோ தரவுக்கெனப் பிறந்தது. ‘வோல்ட்டீ’ என்னும் ஏற்பாடு இல்லாத தொலைபேசி, பேசுவதற்காக 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கியாக வேண்டும். மாடியிலே விளக்கேற்றிவிட்டுப் படிக்கட்டை இடிக்கலாமோ?

அண்டை நாட்டைப் பாருங்கள். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, ஏர்டெல் தன் 4ஜியின் மேல் அதைக் கட்டியது. ஜியோ தனித்து நிற்கும் முறையை நாடியது. 2016இல் 4ஜியோடு மட்டுமே பிறந்த ஜியோவுக்கு, இறங்குவதற்குப் பழைய தலைமுறையே கிடையாது. ஆகவே, 2017இல் 4ஜியிலேயே பேசக்கூடிய பட்டன் தொலைபேசியை, 1,500 ரூபாய் மீளளிக்கப்படும் வைப்புப் பணத்துக்குத் தருவதாக அது அறிவித்தது. வணிக நோக்கந்தான், ஆயினும் பாடம் ஒன்று உண்டு. பழைய வழி இல்லையென்றால், புதிய வழியில் நடக்கும் செருப்பை ஏழையின் காலுக்கும் தைத்துத் தரவேண்டும்.

மலைநாட்டின் இயல்பையும் எண்ண வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும். மேட்டையும் சுவரையும் ஓரளவு கடக்கும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையோ குறுகிய தூரத்திலேயே தளர்ந்துவிடும். 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடி லுணுகலைப் பிள்ளைகள் மலையுச்சிக் காட்டில் மரத்தின்மேல் அமைந்த குடிலுக்கு ஏறியதை உலகமே பார்த்தது. அந்த மலைகளில் 4ஜியின் குரல் கடைசி லயன் வரை எட்டுமுன் 2ஜியை அணைப்பது முன்னேற்றமாகுமா?

பழையது என்றென்றும் வாழவேண்டும் என்பது நம் வாதமன்று. தலைமுறைகள் பலவற்றையும் ஒருங்கே நடத்த மின்சாரம் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், ஆள் வேண்டும். 2ஜியின் பாதுகாப்பும் பலவீனமானது. அது பிடித்துவைத்திருக்கும் தாழ்ந்த அலைவரிசையே 4ஜியை மலைக்குக் கொண்டுசெல்ல ஏற்றதுமாகும். இவை நியாயமான வாதங்கள். நாம் கேட்பது ஒழுங்கு ஒன்றையே: முதலில் கொடு, பின்னர் எடு!

செல்வம் மிக்க அவுஸ்திரேலியாவே இதில் தடுமாறிற்று. அங்கே 4ஜித் தொலைபேசிகள் சில, அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியையே நம்பியிருந்தமை பின்னர்தான் வெளிப்பட்டது. நிறுத்தும் நாள் தள்ளிவைக்கப்பட்டு, 2024 அக்டோபர் 28 அன்றே மூடல் தொடங்கியது. அங்கேயே அப்படியென்றால், பட்டன் தொலைபேசி ஒன்றே உடைமையாயுள்ள கொழுந்து பறிக்கும் தாய் 1990க்கோ 119க்கோ அழைக்கும் வேளையில் யார் பொறுப்பு?

ஊவாவில் இது உயிர்ப் பிரச்சினை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை விழுங்கியது. இடம் ஆபத்தானதென முன்னரே எச்சரித்திருந்தும், மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன, மின்சாரம் நின்றது, தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. எச்சரிக்கை மட்டும் உயிரைக் காக்காது என்பது உண்மை. ஆனால், எச்சரிக்கையே எட்டாத மலையில் காப்பதற்கு வழியேது?

ஆகவே, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நான்கு விதிகளை வகுக்கவேண்டும். ஒன்று: எப்பிரதேசத்திலும் 4ஜிக் குரல் எட்டுகிறதென லயன் லயனாக அளந்து, முடிவை ஊரறிய வெளியிட்ட பின்னரே அங்கே 2ஜி நிறுத்தப்பட வேண்டும். இரண்டு: 4ஜியிற் பேசும் பட்டன் தொலைபேசி தோட்ட மக்களுக்குத் தாங்கும் விலையிற் கிடைக்க வேண்டும். மூன்று: மின்சாரம் நின்றவுடன் வேகக் கருவிகளை நிறுத்தி, குரலுக்கும் குறுஞ்செய்திக்குமுரிய ஓர் அடுக்கை மட்டும் காத்தால் கோபுரத்தின் மின்கலம் நெடுநேரம் தாங்கும், மண்சரிவுப் பிரதேசங்களில் இது கட்டாயமாக வேண்டும். நான்கு: பேரிடர் நாளில் எந்த நிறுவனத்தின் கோபுரம் உயிரோடிருக்கிறதோ, அதில் எல்லார் தொலைபேசியும் இணைய வேண்டும், எச்சரிக்கை தமிழிலும் வரவேண்டும்.

மலைநாட்டுப் படித்த இளைஞர்க்கும் இதிலே கடமையுண்டு. பொறியியலாளரும் ஆசிரியரும் தத்தம் தோட்டத்தில் எங்கே சிக்னல் இல்லை என்பதைக் குறித்து, பிரதேச சபைக்கும் ஆணைக்குழுவுக்கும் எழுதட்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் பேசட்டும். வேகம் வேண்டுவோர்க்கு வேகம் கிடைக்கட்டும். ஆனால், மழையிரவில் மலை அதிரும்போது லயன் வீட்டில் ஒரு மணியாவது ஒலிக்க வேண்டும்!