வயிற்று நோவுக்கு இரத்தத்தில் விடை உண்டா?



கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். அவருடைய பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். "வயிற்றில் புற்றுநோய் இருக்கிறதா என்று இனி இரத்தத்திலேயே பார்க்கலாமாம். குழாய் விழுங்கத் தேவையில்லையாம். உண்மையா அக்கா?" என்று கேட்டிருந்தார்.

பாதி உண்மை. மற்றப் பாதியையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் பயன். நான் வைத்தியர் அல்ல, சமூகப் பணியாளர். படித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்ததை எளிமையாகச் சொல்கிறேன்.

எங்கள் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. தோட்டத்துக் கந்தோரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பதிவுப் புத்தகம் கந்தோரை விட்டு வெளியே போகாது. அதைப் பார்த்து எழுதிய துண்டுதான் தொழிற்சாலைக்குப் போகும். துண்டு போனால்தான் வேலை நடக்கும். கலத்திலும் அப்படியே. டீ.என்.ஏ. என்பது அந்தப் புத்தகம். ஆர்.என்.ஏ. என்பது துண்டு. சில துண்டுகளை நடுவழியில் பிடித்து நிறுத்திவிடுகிற மிகச் சிறிய ஆள் ஒன்று உண்டு. அதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 எழுத்து நீளந்தான் இருக்கும். 1993ஆம் ஆண்டில் விக்டர் அம்ப்ரோஸ், கரி ருவ்குன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மில்லிமீற்றர் நீளமான புழுவை ஆராய்ந்து இதை வெளிப்படுத்தினார்கள். 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கலம் புற்றுநோய்க் கலமாக மாறும்போது இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சில கூடும், சில குறையும். இவை இரத்தத்திலும் கலந்து ஓடுகின்றன, எளிதில் அழிந்துபோவதில்லை. ஆகவே கையில் எடுக்கும் கொஞ்ச இரத்தத்தில் இவற்றை அளந்து பார்க்கலாம். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பி.சி.ஆர். எடுத்தார்களே, ஏறக்குறைய அதே முறைதான்.

இதைச் செய்து காட்டியது சிங்கப்பூர். அங்குள்ள ஆய்வாளர்களும் வைத்தியர்களும் 12 வகை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். அதன் பெயர் கஸ்ட்ரோகிளியர். 2019இல் அந்நாட்டுச் சுகாதார அதிகாரசபை அதற்கு அனுமதி கொடுத்தது. 4,500 பேருக்கு மேல் இரத்தப் பரிசோதனையும் செய்து, குழாய் விட்டும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்ட முடிவுகள் 2021இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தன.

அந்த முடிவுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இரைப்பைப் புற்றுநோய் உள்ள 100 பேரில் 87 பேரை அது பிடித்தது, 13 பேரைத் தவறவிட்டது. நோய் இல்லாத 100 பேரில் 68 பேருக்குத்தான் "இல்லை" என்று சரியாகச் சொன்னது. மற்ற 32 பேருக்கும் நோய் இருக்கலாம் என்று காட்டியது. அதனால் இந்தப் பரிசோதனை தீர்ப்புச் சொல்வதில்லை. யாருக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். "இருக்கலாம்" என்று வந்தால் கமராக் குழாய் விட்டு, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் அரச வைத்தியசாலைகளில் இது வழமையான பரிசோதனையும் அல்ல.

பிறகு ஏன் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்? இந்த நோயில் காலந்தான் எல்லாம். ஜப்பானில் ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கொரியாவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை அரசே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனைக்கு அழைக்கிறது. எங்கள் நாட்டில் இந்த நோய் அங்குள்ள அளவுக்கு இல்லை. பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம். ஆகவே யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் எங்களை அழைத்துப் பார்க்க அப்படி ஒரு ஏற்பாடு இல்லாதபடியால், நாங்களாகத்தான் போக வேண்டும்.

போவதுதான் கஷ்டம். நான் போகிற லயங்களில் "வயிறு எரியுது" என்று சொல்லாத பெண் குறைவு. காலையில் பிரட்டுக்கு ஓடும்போது வெறும் தேத்தண்ணி. மத்தியானம் கொழுந்து நிறுத்த பிறகு ஒரு ரொட்டி. இரவில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் தனியே குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகளின் கதையும் வேறல்ல. அது "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று நாங்களே முடிவு செய்து, பாமசியில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது கேஸ்ட்ரைட்டிஸாகத்தான் இருக்கும். ஆனால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆரம்பப் புற்றுநோயின் எரிவையும் அடக்கிவிடும். வருடக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் நோய் தெரியாமலே வளரலாம்.

பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்: காரணமின்றி உடல் மெலிதல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோதல், ஓயாத வாந்தி, விழுங்கும்போது அடைத்தல், தார் போலக் கறுத்த மலம், இரத்தச்சோகை, 40 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த வயிற்றெரிவு, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்திருத்தல். இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும். ஆகவே என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்நோய்க்கு முக்கிய காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா. 1982இல் அவுஸ்திரேலியாவில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். 2005இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெருக்கமான குடியிருப்புகளில், சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் போதாத இடங்களில் இது கூடுதலாகப் பரவும். லயத்துக் காம்பராவிலும் அகதி முகாமிலும் வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இது தொற்றிய எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. வைத்தியர் பரிசோதித்து உண்டென்று கண்டால், பெரும்பாலும் இரண்டு கிழமை மருந்தில் அழித்துவிடலாம். இடையில் நிறுத்தாமல் குடித்து முடிக்க வேண்டும். புகைத்தலும், உப்பிலிட்ட உணவை அதிகம் உண்பதும் இந்த ஆபத்தைக் கூட்டும். கருவாட்டை வாரத்தில் எத்தனை நாள் சமைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

"புற்றுநோய் இரத்தப் பரிசோதனை" என்று தனியார் ஆய்வுகூடங்களில் விளம்பரம் கண்டால் உடனே காசைக் கட்டாதீர்கள். சி.இ.ஏ. போன்ற பரிசோதனைகள் ஏற்கனவே நோய் உள்ளவர்களின் சிகிச்சையைக் கவனிக்க உதவுகின்றன. நல்லபடி இருக்கிறவருக்கு நோய் இல்லை என்று அவற்றால் உறுதி சொல்ல முடியாது. அந்தக் காசு வைத்தியசாலைக்குப் போகும் பஸ் செலவுக்கு உதவும்.

கமராக் குழாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். குழாய் உள்ளே இருப்பது சில நிமிடங்கள். கஷ்டமாக இருக்கும், தாங்கக்கூடியது. யுத்த காலத்தில் பட்டவற்றால், படுக்க வைத்துப் பிடித்தாலே நெஞ்சு பதறுகிற சகோதரிகள் எங்களுக்குள் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. "எனக்குப் பயம், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யுங்கள்" என்று தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு நாள் அந்த இரத்தப் பரிசோதனை கிராமத்துக் கிளினிக்குக்கும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அதுவரை எங்கள் கையில் இருப்பதைச் செய்வோம். நோவு எப்போது தொடங்கியது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சிங்கள மொழி தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் சிங்களத்திலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசு இல்லை. போகிற அன்று ஒரு நாள் பேர் போகும், உண்மைதான். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட வேண்டியும் வரும். மகளிர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். இந்த மாதம் ஒருத்தி போக மற்றவர்கள் அவள் பிள்ளையைப் பார்க்கட்டும். அடுத்த மாதம் இன்னொருத்தி போகட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.