பந்தலைப் பிரித்துத் துறைமுகம் கட்டுவோர்

பதிற்றுப்பத்தில் வரும் 'பந்தர்' என்ற சொல்லைத் துறைமுகத்தைக் குறிக்கும் 'பந்தர்' என்ற அயற்சொல்லோடு முடிச்சிடும் வழக்கம் தமிழில் புதிதன்று. நாம் மதிக்கும் ஆய்வாளர் சிலரும் அதைச் செய்திருக்கின்றனர். ஆனால் அவர்கள் ஊகமாகச் சொன்னது, செங்கல்பட்டு தனி மாவட்டமான 2019க்குப் பின் இப்பகுதியில் பெருகிவரும் ஊர் வரலாற்றுச் சிறுநூல்களிலும் விழா மலர்களிலும் ஐயத்துக்கிடமற்ற உண்மையாக அச்சேறுகிறது. வாதம் இதுதான்: அரபியில் பந்தர் என்றால் துறைமுகம், சங்க நூலில் பந்தர் என்றோர் ஊர் இருக்கிறது, ஆகவே சங்க காலத்திலேயே அரபியர் நம் கரைகளில் குடியேறி, தம் மொழியில் ஊருக்குப் பெயரும் இட்டுவிட்டனர். எதிர்த்தரப்பும் உண்டு. அவர்கள் அம்பின் முனையைத் திருப்பி வைக்கிறார்கள், அவ்வளவே: தமிழ்ப் பந்தரே பாரசீகம் சென்று உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பெயரானதாம். இரண்டும் ஒரே பிழையின் இரு பிள்ளைகள் என்பதே நம் வழக்கு.

முதலில் நூலைப் பார்ப்போம். உ.வே. சாமிநாதையர் 1904இல் பழைய உரையோடு பதிப்பித்த அந்நூலில் பந்தர் மூன்று இடங்களில் நம் கவனத்துக்கு உரியது. கபிலர் பாடிய 67ஆம் பாட்டிலும் அரிசில்கிழார் பாடிய 74ஆம் பாட்டிலும் அது ஊர்ப்பெயர். இரண்டிலும் கொடுமணத்தோடு இணைத்தே பேசப்படுகிறது, பின்னதில் முத்துக்குப் பெயர்பெற்ற இடமாக. ஆனால் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 55ஆம் பாட்டை இந்தச் சிறுநூலாசிரியர்கள் தொடுவதே இல்லை. அங்கே கடலோரத் துறை. தாழை மணக்கும் சோலை. கலங்கள் கொணர்ந்த அரும்பொருட் குவியல் பந்தரில் உறங்குகிறது. பொருள் உறங்கும் இடம் துறைமுகம் அன்று, துறையில் போட்ட பந்தல், பண்டசாலை. துறையைத் துறை என்றே அப்பாட்டு தனியாகச் சொல்லிவிடுகிறது. பந்தரும் துறைமுகம் என்றால், துறைமுகத்தின் துறைமுகம் என்று நச்செள்ளையார் பாடியதாக ஆகும்.

பந்தல் பந்தராவது இலக்கணம் அறிந்த எவருக்கும் வியப்பன்று. சாம்பல் சாம்பராகும், குடல் குடராகும். பள்ளி மாணவன் இறுதிப்போலி என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதும் செய்தி இது. பந்தலால் ஊர் பெயர் பெறுவதும் நமக்குப் புதிதன்று. அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடி இன்றும் இருக்கிறது. பண்டசாலைப் பந்தல்கள் நிறைந்த வணிகவூர் பந்தர் என்றே வழங்கியிருக்கலாம். வீட்டில் இருக்கும் பொருளைக் கடன் கேட்டுக் கடல் கடந்து போக வேண்டிய தேவை என்ன?

இனி அக்கரைக்குப் போவோம். அரபியில் பந்தர் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் அது அரபியில் பிறந்ததன்று, பாரசீகத்திலிருந்து வந்தது என்று அரபி அகராதிகளே குறிக்கின்றன. அரபியின் சொந்தச் சொல் 'மர்ஸா': நங்கூரம் பாய்ச்சி நிலைகொள்ளுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. குர்ஆனில் அந்த வேர்தான் இருக்கிறது, பந்தர் இல்லை. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளின் அரபிப் புவியியலார் துறைமுகநகரைப் பெரிதும் 'ஃபுர்தா' என்றே எழுதினர். அவ்வாறிருக்க, அதற்குப் பல நூற்றாண்டு முன்னர், தம் நாட்டிலேயே தாம் வழங்காத ஒரு பாரசீகச் சொல்லை அரபியர் சேரநாட்டில் வந்து ஊருக்குச் சூட்டினர் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

பாரசீகத்தில் இச்சொல் தனிமரமும் அன்று. 'பந்த்' என்றால் கட்டு, அணை. ஃபார்ஸ் பகுதியில் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த ஓர் அணைக்கு 'பந்தே அமீர்' என்றே பெயர். கட்டுதல் என்னும் வினையடியும் வடமொழியின் 'பந்த'மும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பந்தர் என்பதன் பிற்பகுதி குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. முற்பகுதி பாரசீக மண்ணிலேயே வேரூன்றியது. தமிழ்ப் பந்தல் அங்கே போய் அணையும் கட்டும் ஆயிற்று என்று வாதிடத் துணிவோர், வடமொழிப் பந்தத்துக்கும் ஆங்கிலேயனின் 'பைண்டு'க்கும் கூடவே பட்டயம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அங்கிருந்து அச்சொல் போன தூரம் வியப்புக்குரியது. எகிப்தின் பேச்சு வழக்கில் அது கடலே இல்லாத உள்நாட்டுப் பெரிய ஊரையும் குறிக்கும். மலாய் மொழியில் நகரம் என்றே பொருள். புரூணையின் தலைநகர் 1970 முதல் பந்தர் ஸ்ரீ பகவான். பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் நான்கு 'ஷாபந்தர்'கள் இருந்தனர். சோழமண்டலக் கரையின் வணிகரைக் கவனிக்கவும் ஒருவர் இருந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில் 'பந்தாரி'. இத்தனை கரைகளில் ஒட்டிக்கொண்ட சொல்லுக்கு நம் கரையில் மட்டும் இரண்டாயிரம் ஆண்டு மூப்பு எதற்கு?

ஒலி ஒத்தால் போதும் என்பவர்களுக்கு இந்தியிலும் ஒரு பந்தர் இருப்பதை நினைவூட்டுகிறோம். பொருள், குரங்கு. கபிலர் பாடிய புகழ்மிக்க மூதூரை வானரப்பட்டினம் என்று எழுத இன்னும் எவரும் முன்வராதது நம் நல்லூழ்.

உண்மையான கடன்சொல் வெறுங்கையோடு வருவதில்லை. வந்த வழியின் தழும்பு அதன் உடலில் இருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம். அப்பெயரின் முற்பகுதியான சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் 'சத்ரங்' ஆயிற்று. அரபிக்குச் சகர ஒலி வாயில் வராததால் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஒவ்வொரு எல்லையிலும் சுங்கம் கட்டிய முத்திரை தெரிகிறது. அல்லது ஜாகீரை எடுத்துக்கொள்வோம். 'ஜா' இடம், 'கீர்' பற்றுவது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார்; செங்கல்பட்டுச் சீமையே பின்னர் ஆங்கிலேயர் ஏடுகளில் 'ஜாகீர்' என்று பெயர்பெற்றது. கொடுத்தவர், வாங்கியவர், ஆண்டு மூன்றும் தெரிகின்றன. 1767 முதல் 1774 வரை பார்னார்டு எடுத்த கணக்கெடுப்பே அந்த ஜாகீரைப் பற்றியதுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் 'ஜமா' அரபி, 'பந்தி' பாரசீகம். வருவாய்த் தீர்வாயம் என்று பலகை எழுதிய பின்னும் குடியானவர் வாயில் அதுவே நிற்கிறது. 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது நாளேடுகள் எழுதிய 'பந்தோபஸ்து'வும் அதே கட்டுதல்தான், இருமுறை கட்டியது. பாரசீகப் 'பந்த்' நம் மாவட்டத்தில் இப்படித் தெருவிலும் அலுவலகத்திலும் உலவுகையில் அதைக் காணாமல், பதிற்றுப்பத்துக்குள் போய்த் தேடுகிறார்கள்.

இது அகராதிக்காரர்களின் சில்லறைச் சண்டை என்று வாசகர் எண்ண வேண்டா. இச்சிறுநூல்கள் நம் மாணவர்களின் ஆய்வேடுகளுக்குள் மேற்கோளாக நுழைகின்றன. நாம் திருத்தினால், அச்சில் இருக்கிறதே ஐயா என்கிறார்கள். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. இக்கரையில் வாழும் முஸ்லிம்களின் தொன்மையை இந்த ஒற்றைச் சொல்லில் தொங்கவிடும்போது, அது அறுந்த நாளில், மற்ற சான்றுகளும் கட்டுக்கதைதான் என்று சொல்லக் காத்திருப்போர் பலர். அவர்களுக்கு நாமே கத்தரியைக் கொடுக்கலாகாது. சேரநாட்டில் அரபியரும் பாரசீகரும் வணிகம் செய்ததற்குச் சான்றா இல்லை? கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் கூஃபி அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். செப்பில் வெட்டிய கைச்சாத்து இருக்க, பந்தற்காலைப் பிடித்துத் தொங்குவானேன்?

தமிழ்த் தரப்புக்கும் ஒரு சொல். பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது. அது மாமல்லபுரமே என்று கருதுவோர் உண்டு. குதிரைகளோடும் வடநாட்டு வளங்களோடும் நாவாய்கள் சூழ்ந்த அத்துறையைப் பாட, உருத்திரங்கண்ணனாருக்குத் துறையும் பட்டினமும் போதுமானவையாக இருந்தன. உலகத்துக்குச் சொல் வழங்கினோம் என்று காட்டினால்தான் அப்பாட்டுக்குப் பெருமை என்பது நமக்குப் புரியாத தாழ்வுணர்ச்சி.

பந்தர் என்ற பாரசீகச் சொல் நம் கரைக்கு வந்தே தீரவேண்டும் என்று விரும்புவோர்க்கு, அது வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், நவாபுகளோடு. மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கோவளத்துக்கு அவர்கள் காலத்தில் 'சாதத் பந்தர்' என்று பெயர். பறங்கிப்பேட்டை 'மஹ்மூது பந்தர்'. கோவளத்துக் கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றினான். அதே ஆண்டில் செங்கல்பட்டுக் கோட்டையும் விழுந்தது. தெலுங்கர் மசூலிப்பட்டினத்தை இன்றும் பந்தர் என்றே அழைக்கிறார்கள். அவ்வூர் லட்டுக்கும் அப்பெயர்தான். கோவளத்திலோ அப்பெயர் மீனவர் வாயிலும் இல்லை, பேருந்துப் பலகையிலும் இல்லை. அங்கே ஒட்டிய சொல் இங்கே ஏன் உதிர்ந்தது என்று ஆராய ஒரு மாணவராவது வந்தால், வழிகாட்ட நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.