எந்தத் தோட்டா என்று கேட்கிற தம்பிக்கு

படிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, ராத்திரி சேரிக்குள்ள பூந்துட்டானுங்கன்னா என்ன பண்றது? போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ஒரு துப்பாக்கி இருந்தா நல்லதில்லையா? எது வாங்கலாம், பன்னெண்டு போரா, ரைபிளா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியின் தெருவில் கூரை எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 'வன்முறை தவறு' என்று அறிவுரை சொல்லித் தப்பித்துக்கொள்வது அவருக்குப் பதில் ஆகாது. கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் இதற்கென்றே கைப்புத்தகங்கள் இருக்கின்றன. புயல் வந்தால், கலவரம் வந்தால், அரசாங்கம் செயலற்றுப் போனால் எந்தத் துப்பாக்கி, எந்த அளவுத் தோட்டா என்று பாடம் சொல்கிறார்கள். .22 மலிவு, எடை குறைவு, ஒரு பையில் நூற்றுக்கணக்கில் தூக்கலாம். கிட்டத்தில் வருபவனுக்குப் பன்னிரண்டு போர். பிறகு 9 மி.மீ., 5.56 மி.மீ. ஏன்? போலீசும் ராணுவமும் பயன்படுத்துவது அதுதான். கடை மூடினாலும் எங்காவது கிடைக்கும். எல்லோரிடமும் இருக்கிற தோட்டாவையே நீயும் தேர்ந்தெடு என்பது அவர்களுடைய முதல் விதி.

அந்த முதல் விதியே இந்தியாவில் குற்றம். 1878-இல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், வெள்ளையனுக்கு விலக்கு. வெள்ளையன் போன பிறகு வந்த 1959 சட்டமும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ராணுவத்தின் 7.62, போலீஸ் நெடுங்காலம் தோளில் சுமந்த .303, சர்வீஸ் 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட அளவுகள். குடிமக்களுக்கு மிஞ்சுவது .315 ரைபிள், .32 ரிவால்வர், பன்னிரண்டு போர். .303-க்கும் .315-க்கும் குழல் விட்டத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த இடுக்குக்குள்ளே ஒரு ஆட்சியே உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கத்தின் தோட்டா உன் குழலுக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, மிஞ்சியதாவது யாருக்குக் கிடைக்கிறது? உரிமம் கொடுக்கிறவர் கலெக்டர். விசாரித்து அறிக்கை அனுப்புவது போலீஸ். பயிர்ப் பாதுகாப்பு என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவே ஒரு காரணத்தை ஒப்புக்கொள்கிறது. நிலம் உள்ளவனுக்குத்தானே பயிர்? காட்டுப்பன்றியைச் சொல்லி வாங்கிய துப்பாக்கி கூலி கேட்டவன் பக்கம் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. கூலி விவசாயிகள் கையில் கல்லும் கம்பும். குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். அதே இரவில் பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் கூலி விவசாயிகள் தண்டனை பெற்றார்கள். 44 பேரை எரித்த வழக்கில் பண்ணையார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. துப்பாக்கிக்கு மட்டுமல்ல, நீதிக்கும் தடை செய்யப்பட்ட அளவு உண்டு.

"அதனாலதான் நாமும் வச்சுக்கணும்ங்கறேன்" என்பார் தம்பி. பீகாரைப் பார்ப்போம். அங்கே இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தது. ரன்வீர் சேனை 1996 ஜூலையில் பதானி டோலாவில் 21 பேரையும், 1997 டிசம்பர் 1 இரவு லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 58 பேரையும் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. பாட்னா உயர்நீதிமன்றம் 2012-இலும் 2013-இலும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்களை விடுவித்தது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி என்று எண்ணிக்கை போட்டால், நிலமும் பணமும் போலீசும் உள்ளவன் கணக்குதான் எப்போதும் பெரிசு.

கறுப்பின மக்கள் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. வட கரோலினாவின் மன்ரோ ஊரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற முன்னாள் படைவீரர் கறுப்பின மக்களைத் திரட்டித் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். 1957-இல் கு க்ளக்ஸ் கிளான் கார்களில் வந்து மருத்துவர் பெர்ரியின் வீட்டைத் தாக்கியபோது மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து திருப்பிச் சுட்டார்கள். கிளான் ஓடியது. அதன் பிறகுதான் நகரசபை கிளானின் கார் ஊர்வலத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்து நின்றதால் அந்த இரவு உயிர் பிழைத்தது. ஆனால் 1961-இல் அதே வில்லியம்ஸ் ஆள்கடத்தல் வழக்கில் தேடப்பட்டுக் கியூபாவுக்குப் போக வேண்டியிருந்தது. 1967-இல் கறுஞ்சிறுத்தைகள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நடந்ததும், கலிபோர்னியா அவசர அவசரமாகச் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. துப்பாக்கி வைத்துக்கொள்வது பிறப்புரிமை என்று பேசுகிற நாட்டிலேயே இந்தக் கதி. நம் சேரியில் நாட்டுத் துப்பாக்கி ஒன்று அகப்பட்டால் என்ன ஆகும்? தாக்க வந்தவன் சாட்சி ஆவான்; தம்பி குற்றவாளி ஆவார்; தெரு முழுக்கத் தேடுதல் வேட்டை நடக்கும்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு சாவதா? இல்லை. உயிரைக் காக்கத் திருப்பி அடிக்கிற உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. இதை நம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 3-ஆவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். தேவையென்றால் அங்கே பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்றால் நம் மக்களுக்கு உரிமம் கொடுக்கலாம். சிறப்புக் காவல் படையை நிறுத்தலாம். இவ்வளவும் அச்சடித்த எழுத்தில் இருக்கிறது.

விதி வந்தது 1995. மேலவளவில் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது 1996. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டப்பட்டது 1997 ஜூன் 30. ஆபத்து ஊருக்கே தெரியும், அரசுக்கும் தெரியும். அங்கே வந்தது அரிவாள், துப்பாக்கி அல்ல. எந்த அளவுத் தோட்டா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது, எதிரி எந்த ஆயுதத்தோடும் வருவான். அவன் துணிச்சல் ஆயுதத்தில் இல்லை. கேட்க ஆளில்லை என்ற நினைப்பில் இருக்கிறது.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மந்திரியாகப் போகிறவருக்காக இறக்கி வைக்கப்படுகிற துப்பாக்கி, திருவிழாவுக்குத் தேர் வருகிற நாளில் சேரிக்காக ஏன் இறங்கக்கூடாது? இதை நாம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

தம்பி, உங்கள் தாலுகாவில் ஊர்வாரியாக எத்தனை உரிமத் துப்பாக்கி, 3-ஆவது விதிப்படி இதுவரை எத்தனை ரத்து என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு தெருவோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போவோம். ராத்திரிக் காவலுக்கு முறை வைத்து ஆள் போடுவோம். நாம் துப்பாக்கி தேடுவது அப்புறம் இருக்கட்டும். நம்மைக் குறிபார்த்துக்கொண்டு ஊருக்குள் சுவரில் தொங்குகிற துப்பாக்கிகளை முதலில் எண்ணுவோம், இறக்க வைப்போம்.