சேத்து வெளியில் கன்று நட வேண்டாம்!



போன வாரம் பிரேயரில் அறிவிப்பு கேட்டிருப்பீர்கள். நம் பசுமைப் படை சார்பில், உப்பளத்தைத் தாண்டி இருக்கிற சேத்து வெளியில் மரக்கன்று நடப் போகிறோமாம். ஓரத்து மணலில் சவுக்கு, உள்ளே சேற்றில் அலையாத்தி. அன்றைக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. மரம் நடுவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். மரத்தில் ஒரு தப்பும் இல்லை. இடம்தான் தப்பு என்பது என் கருத்து.

"அது சும்மா கிடக்கிற இடம்தானே!" என்கிறார்கள். சும்மாவா கிடக்கிறது? மழைத் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்து வற்றுகிற அந்தச் சேற்றுக்குள் புழு, சின்ன நண்டு, சிப்பி, கூனி என்று எத்தனையோ இருக்கின்றன. அதைத் தின்னத்தான் அக்டோபர் பிறந்தால் பறவைகள் வருகின்றன. கொசு உள்ளானைப் பாருங்கள். எடை 25 கிராம் தேறினால் பெரிது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலம் கழிக்க நம்ம ஊருக்கு வருகிறது. திரும்பிப் போக வேண்டிய கொழுப்பையும் இங்கேதான் தேற்றிக்கொள்ளும். சின்ன அலகு மேல்சேற்றில் கொத்தும், நீண்ட அலகு அடிச்சேற்றில் துழாவும். பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டும். ஒரே வயல், பல பந்தி!

இந்தப் பறவைகளுக்கு வெட்டவெளிதான் பாதுகாப்பு. வல்லூறு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தூரத்திலேயே தெரிந்தால்தான் பயமில்லாமல் மேயும், பயமில்லாமல் தூங்கும். அங்கே நாம் வரிசையாக மரம் வைத்தால் காக்காய்க்கும் வல்லூறுக்கும் மேடை போட்டுக் கொடுத்த மாதிரி. வேர் விட்டுச் சேறு இறுகிவிட்டால் அலகும் இறங்காது. நமக்குப் பச்சையாகத் தெரிவது அதற்குப் பட்டினி.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சீனாவில் 1979-ல் கடலரிப்பைத் தடுக்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் ஒரு வெளிநாட்டுக் கோரைப்புல்லைக் கொண்டுவந்து கரையில் நட்டார்கள். அது சேத்து வெளிகளை மூடிக்கொண்டே போய், பறவைகளுக்கு மேய இடம் இல்லாமல் செய்துவிட்டது. 2022-ல் அதை அழிக்க அரசாங்கமே பெரிய திட்டம் போட வேண்டி வந்தது. நட்டது ஒரு தலைமுறை, பிடுங்குவது இன்னொரு தலைமுறை!

"இங்கே இடம் இல்லேன்னா பறவை வேற இடத்துக்குப் போயிடும்" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். தென் கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில் 2006-ல் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் கட்டிச் சேத்து வெளியை அடைத்தார்கள். அங்கே வந்துகொண்டிருந்த பெரிய உள்ளான் வகை ஒன்று வேறு இடத்துக்குக் குடி மாறவில்லை. மொத்த எண்ணிக்கையே பயங்கரமாகச் சரிந்துவிட்டது. பக்கத்து வெளியிலும் ஏற்கெனவே பந்தி நிறைந்துதானே இருக்கும்?

இன்னொரு கேள்வியும் வரும். 2004 சுனாமியைப் பார்த்த மாவட்டத்தில் கரைக்கு மரம் வேண்டாமா? வேண்டும். குடியிருப்புக்கு முன்னால் மரம் வேண்டாம் என்று நான் சொன்னால் எங்க அப்பத்தாவே என்னை அடிப்பார்கள். முத்துப்பேட்டையில் அலையாத்தி தானாக வளர்ந்த காடு இருக்கிறது, அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஆனால் அலையாத்தி தானாக வராத இடத்தில் நாம் கொண்டுபோய்க் குத்துவது வேறு கதை.

நம்ம ஊரைப் பற்றி நமக்கே சரியாகத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. வேதாரண்யம் என்றால் 1930 உப்பு சத்தியாகிரகம் என்று எல்லாரும் எழுதுவோம், மார்க்கும் வாங்குவோம். கோடியக்கரை 1967-லேயே சரணாலயம் ஆனது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாகவும் ஆனது. தலைஞாயிறு, முத்துப்பேட்டை எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்கிறது. இந்தியாவின் முக்கியப் பறவைப் பகுதிகள் என்று 2004-ல் 466 இடங்களும் 2016-ல் 554 இடங்களும் பட்டியலான புத்தகங்களில் நம்ம இடமும் உண்டு.

இப்படி ஒரு இடம் முக்கியம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அழகை வைத்து அல்ல. எண்ணித்தான்! 20,000 நீர்ப்பறவைகள் தவறாமல் வந்தாலோ, ஒரு இனத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்று அங்கே இருந்தாலோ, ராம்சர் தலம் ஆகிற தகுதி கிடைக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அதில் எண்ணுகிறவர்களில் நிறையப் பேர் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான். யாரும் எண்ணாத சேறு எந்தப் பட்டியலிலும் வராது. பட்டியலில் வராத சேறு 'சும்மா கிடக்கிற இடம்' ஆகிவிடும். அதில் இன்றைக்குக் கன்று, நாளைக்குக் குப்பை, அப்புறம் யாராவது பிளாட் போடுவார்கள்.

அதனால் பசுமைப் படை பொறுப்பாசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். வாங்கி வைத்த கன்றுகளை வீணாக்க வேண்டாம். 2018 கஜா புயலில் மரம் சாய்ந்த தெருக்கள் இன்னும் மொட்டையாகத்தான் இருக்கின்றன. எங்க தெருவுக்கே பத்து வேண்டும். சவுக்கோடு வேம்பு, பூவரசு, புங்கன் எல்லாம் சேர்த்து அங்கே நடலாம். சேத்து வெளிக்குப் போக நினைத்த அந்தச் சனிக்கிழமை, குழி தோண்டாமல் கரையில் நின்று பறவைகளை எண்ணுவோம். ஜனவரி வரைக்கும் பழகினால் கணக்கெடுப்புக்கும் போகலாம்.

வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் பெயர் எழுதுங்கள். வீட்டில் பைனாகுலர் இருப்பவர்கள் கண்டிப்பாக எழுதுங்கள். நம் லேபில் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு கண்தான் தெரிகிறது.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி